ஆணி பொறுக்கிய காந்தம்

நந்தனத்தில் எங்கப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். சரக்கிருப்புச் செலவு, தரக்கட்டுப்பாடு பாடம் நடத்தும்போது டி.வி.சுந்தரம் அய்யங்கார்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். ரயில்வே, வங்கி வேலைகளை விட்டு, பஸ் தொழிலில் இறங்கினார். அன்றைய ரோடுகளில் லாட ஆணிகள் கிடக்கும். பஞ்சரானால் பஸ் நின்னுடும். உபரி டயர்களை வாங்கி அடுக்கினாலோ முதல் முடங்கும். அவர் காந்தம் பொருத்திய வண்டியை ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்பார்கள். அவர் பஸ்கள் நேரம் தவறாமைக்குப் பேர் வாங்கின. 1955-ல் மறைந்தார்.

எங்களுக்குச் சோறு போடுவது ஆணிதான். என் ஃபீஸும் அதில் வந்ததுதான். ஆனா நான் படிப்பதோ, குத்துவதற்கு முன்னாலேயே ஆணியைப் பொறுக்கும் வேலை! அப்பாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அதை ஒழுங்காப் படிடா என்றார்.