டீயில் போட்ட ஸ்பூன் ஏன் சுடுது? 15 வருஷம் விடாத ஃபூரியேவின் கதை!

சூடான டீயில் ஸ்டீல் ஸ்பூனைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கைப்பிடியும் சுடுது. அந்தச் சூடு எவ்வளவு வேகமாக நகரும்? கணக்குப் போட்டுக் காட்டியவர் பிரான்ஸின் ஜோசப் ஃபூரியே.

யார் இவர்?
1768-ல் தையல்காரர் மகனாகப் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-ல் சிறைக்குப் போனார். ரோபஸ்பியர் ஆட்சி கவிழ்ந்ததால் தலை தப்பியது. 1798-ல் நெப்போலியனோடு எகிப்து பயணம். திரும்பியதும் கிரெனோபிளில் அரசு நிர்வாகி.

என்ன கண்டுபிடித்தார்?
ஆபீஸ் வேலைக்கு நடுவே வெப்பத்தை ஆராய்ந்தார். சூடு உள்ள பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் பாயும். வெப்பநிலை வித்தியாசம் கூடினால் வேகம் கூடும். பொருள் தடிமனானால் குறையும். இரும்பில் வேகம், மரத்தில் மெதுவு.

ஏன் எதிர்ப்பு?
பல அலைகளைக் கூட்டியே ஒரு பொருளில் சூடு பரவியிருக்கும் விதத்தை எழுதிவிடலாம் என்று 1807-ல் ஆய்வுக் கட்டுரை கொடுத்தார். கணித மேதை லக்ராஞ்ச் ஏற்கவில்லை. பிறகு பரிசு கிடைத்தபோதும், நிரூபணம் போதாது என்று குறை சொன்னார்கள். அவர் விடவில்லை. 1822-ல் புத்தகமாகவே வெளியிட்டார். 1830-ல் பாரிஸில் மறைந்தார்.

உங்க செல்போனில் பாட்டை எம்பி3-யாகச் சுருக்கும் கணக்கும், அன்று ஏற்க மறுத்த அதே வழியிலிருந்து வளர்ந்ததுதான்!