எழுத்தறிவித்த பாவேந்தர்

புதுவையில் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கனகசபை முதலியாருக்கும் இலக்குமி அம்மையாருக்கும் மகனாய்ப் பிறந்தவர் சுப்புரத்தினம். பாவேந்தர் பாரதிதாசன் எனத் தமிழுலகம் போற்றும் அவரைக் கவிஞராகவே பலரும் அறிவர். அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொண்டதோ பள்ளிக்கூடம். 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் பிரெஞ்சு அரசினர் பள்ளியின் தமிழாசிரியராக அமர்ந்தவர், 1946இல் ஓய்வு பெறும்வரை 37 ஆண்டுகள் அப்பணியிலேயே இருந்தார். 1919இல் திருபுவனையில் ஆசிரியராக இருந்தபோது அரசுக்கு எதிரானவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை புகுந்தார். குற்றமற்றவர் என்று விடுதலையானபின் வழக்காடி, இழந்த வேலையை மீட்டு மீண்டும் வகுப்பறைக்கே சென்றார்.

அந்நாளைய சிற்றூர்களின் நிலை அவர் கண்முன் விரிந்து கிடந்தது. ஆட்சியும் நீதிமன்றமும் பிரெஞ்சு மொழியில் நடந்தன. தமிழ் எழுத்தையே அறியாத உழவன் அம்மொழிக்கு முன் இருமடங்கு ஊமையானான். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எழுதியவன் வாய்கேட்டே அறியவேண்டியவனாய், அதன் அடியில் கைநாட்டு வைத்தான். அந்தக் கைநாட்டே பின்னர் அவனை இழிக்கும் பெயராகவும் ஆயிற்று. எழுத்தை அவனுக்கு எட்டாத் தொலைவில் வைத்த சாதிக்கோ, சிறுவயதிலேயே அவனை மாட்டின் பின்னும் ஏரின் பின்னும் அனுப்பிய வறுமைக்கோ, பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்ற வழக்கத்துக்கோ அத்தகைய இழிபெயர் எதுவும் சூட்டப்படவில்லை.

இந்த வழக்கில் குற்றவாளியை இடம் மாற்றி நிறுத்தியவர் பாவேந்தர். கல்லாதவனை நோக்கி விரல் நீட்டுவது எளிது. கல்வி தராதவனை நோக்கி நீட்டினார் அவர். தாம் கனவுகண்ட நாட்டில் கல்வி நல்க மறுப்போர்க்குக் கடுந்தண்டனை உண்டு என்று பாடும் அளவுக்கு அவர் சினம் சென்றது. 1942இல் வந்த குடும்ப விளக்கில் கற்ற பெண்ணொருத்தி வீட்டையும் பிள்ளைகளையும் தொழிலையும் ஒளிபெறச் செய்வதைக் காட்டினார். 1944இல் வந்த இருண்ட வீட்டில் கல்வி நுழையாத குடும்பம் தன் அறியாமையாலேயே அழிவதைக் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் படிப்போர்க்கு, இருண்டது வீடு மட்டுமன்று, அதைச் சூழ்ந்த ஊரும்தான் என்பது விளங்கும்.

வெறும் சினத்தோடு அவர் நின்றாரில்லை. பள்ளி வயது கடந்தவனும் அறிவுபெற வழி என்ன என்று எண்ணினார். புத்தகசாலை பற்றிய பாட்டில், நான்கைந்து தெருக்களுக்கு ஒன்றாக நூலகம் அமைய வேண்டும் என்று கணக்கிட்டே கேட்டார். படிக்கத் தெரியாதவன் செவிக்கும் எட்டும்படி எளிய தமிழில் பாடினார். நாடகமும் திரைப்பாட்டும் எழுதினார். பாட்டைக் கேட்டு மகிழ்பவனே அதனைத் தானாகப் படிக்கவும் வேண்டும் என்பது ஆசிரியராகிய கவிஞரின் வேட்கை.

1955இல் புதுவைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் சென்னையில் காலமானார். அவர் உடல் புதுவை மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பிசிராந்தையார் நாடகத்துக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு 1969இல் வந்தபோது அதைப் பெற அவர் இல்லை.

அவர் தொடங்கிய வழக்கு அவரோடு முடிந்துவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் புதுவைச் சிற்றூர்களில் பாட்டோடும் தெருநாடகத்தோடும் நுழைந்தது. வளர்ந்தோர் கல்லாமை ஊரார் அனைவரும் சேர்ந்து தீர்க்கவேண்டிய கடன் என்பதை அது செயலில் காட்டிற்று. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் புதுவை ஒன்றியப் பகுதியில் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனோரில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 75 விழுக்காடு. 2011இல் ஏறத்தாழ 86 விழுக்காடு. எஞ்சியோருள் பெண்களே மிகுதி.

வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டு இன்று தொழிற்பேட்டையால் பெயர்பெற்ற ஊர். ஏரோட்டியவனுக்குக் கடன் பத்திரம் எப்படியோ, எழுத்தறியாத தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டும் வங்கிப் படிவமும் அப்படியே. பாவேந்தர் பெயரால் விழா எடுக்கும் இலக்கிய அமைப்புகளுக்கு இங்கே வேலை இருக்கிறது. கவியரங்கு முடிந்தபின் அதே கூடத்தில் விளக்கை அணைக்காமல் வைத்து, அகரம் அறிய வரும் ஓர் அம்மையாருக்குப் பலகையும் எழுதுகோலும் தருவது, 37 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற கவிஞருக்குப் பொருந்திய நன்றிக்கடன்.