மறுமுனையில் இருந்து கேட்டவர்

நோன்பு காலத்து மாலையொன்றில் யாழ்ப்பாணம் சோனகர் தெருப் பக்கமாக நடப்பவர், திறந்த யன்னல் வழியே வானொலிப் பெட்டி ஒலிப்பதைக் கேட்கக்கூடும். கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம் பழமும் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவை நோன்பு திறக்கும் வேளையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். அவ்வேளை பார்த்து ஒலி கரகரத்து மங்கிவிடுவதும், கடலுக்கு அப்பாலிருந்து ஒரு திரைப்பாடல் அதே இடத்தில் வந்து அமர்ந்துகொள்வதும் குடாநாட்டவர் அறியாத அனுபவங்கள் அல்ல. நல்லூர்த் தேர்த் திருவிழாவின் நேரடி அஞ்சலுக்காகக் காத்திருக்கும் பருத்தித்துறை மூதாட்டிக்கும் இதே கதைதான். நிலையத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. அவர்களது கலையகத்தில் ஒலி பளிங்குபோல் தெளிவாகவே இருக்கிறது.

பண்பலை ஒலிபரப்பு என்று நாம் இன்று அழைக்கும் முறையை உலகுக்குத் தந்த அமெரிக்கப் பொறியியலாளர் எட்வின் ஹவார்ட் ஆம்ஸ்ட்ரோங்கின் வாழ்க்கையை இத்தருணத்தில் நினைவுகூர்வது பொருத்தமுடையது. ஒலிபரப்பின் தரத்தை அது புறப்படும் இடத்தில் அன்றி, போய்ச் சேரும் இடத்திலேயே அளக்க வேண்டும் என்பதைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலில் காட்டியவர் அவர்.

1890ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றியவர். சிறுவயதில் கண்ட கடும் நோயொன்று இரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தைத் தடுத்ததோடு, தோளிலும் கழுத்திலும் ஓயாத துடிப்பொன்றையும் ஆயுள் முழுவதற்குமாக விட்டுச் சென்றது. கூச்ச சுபாவம் கொண்ட அச்சிறுவனுக்கு உயரத்தில் மாத்திரம் அச்சமில்லை. ஹட்சன் நதிக்கரை ஊரான யொங்கர்ஸில், தம் வீட்டு வளவில் 125 அடி உயரக் கம்பமொன்றைத் தாமே நிறுத்தி, கயிற்று ஊஞ்சலில் தொங்கியபடி அதன் உச்சிக்கு ஏறுவார். தொலைதூரத்து நிலையங்களின் மெல்லிய சமிக்ஞைகளைக் கேட்பதே அவரது நோக்கம்.

கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, 1912இல், வானொலிக் குழாயின் வெளியீட்டில் ஒரு பகுதியை அதன் உள்ளீட்டுக்கே மீண்டும் ஊட்டினால் சமிக்ஞை பன்மடங்கு பெருகும் என்பதைக் கண்டறிந்தார். 1914 ஜனவரிக் குளிரில், பிற்காலத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் தலைவரான டேவிட் சார்னொவுடன் நியூஜேர்சிக் கரையோரக் கொட்டகையொன்றில் இரவிரவாக விழித்திருந்து, கடல்களுக்கு அப்பாலிருந்து வந்த சமிக்ஞைகளை அக்கருவியால் கேட்டார். அந்த நட்புப் பின்னாளில் எவ்வாறு முடிந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

முதலாம் உலகப் போரின்போது இராணுவ அதிகாரியாகப் பாரிஸில் இருந்த காலத்தில், 1918இல், சூப்பர்ஹெட்ரொடைன் எனப்படும் வாங்கி அமைப்பை உருவாக்கினார். அதன்பின் வந்த தலைமுறைகளின் வானொலிப் பெட்டிகள் பெரும்பாலும் அந்த அமைப்பிலேயே இயங்கின. காப்புரிமைகளை விற்றதால் பெரும் செல்வமும் சேர்ந்தது. சார்னொவின் செயலாளராக இருந்த மரியனை 1923இல் மணந்தார். மணமகளுக்குக் கொடுத்த பரிசும் தாமே செய்த, கையில் எடுத்துச் செல்லக்கூடிய வானொலிப் பெட்டிதான்!

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை அவரை வாட்டியது. மின்னல் வெட்டினால் வானொலி பொரிகிறது. மோட்டார் ஓடினால் இரைகிறது. அக்கால ஒலிபரப்பு அலையின் வீச்சைக் கூட்டிக் குறைத்தே ஒலியைச் சுமந்து சென்றது. மின்னலும் வீச்சையே குலைப்பதால், வாங்கியால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. வீச்சை மாற்றாமல், அலையின் மீடிறனை, அதாவது அது ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை, மாற்றினால் என்ன? இந்த எண்ணம் புதியதன்று. ஆனால் அதனால் பயனில்லை எனக் கணித அறிஞர்கள் 1920களில் முடிவு கட்டியிருந்தனர். அவர்கள் குறுகிய அலைப்பட்டையை மனத்திற்கொண்டு கணக்கிட்டார்கள். ஆம்ஸ்ட்ரோங் பட்டையை அகலமாக்கினார். வீச்சில் ஏறிவரும் இரைச்சலை வாங்கியிலேயே சீவி எறிந்தார். 1933 டிசம்பர் 26ஆம் திகதி அதற்கான காப்புரிமைகள் கிடைத்தன.

அடுத்து வந்த பரீட்சார்த்தமே நமது பொருளுக்கு மிக நெருக்கமானது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 85ஆம் மாடியில் ஆர்.சி.ஏ. வைத்திருந்த ஒலிபரப்பியைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி கிடைத்தது. வேறொருவராக இருந்தால் அம்மாடியிலேயே அமர்ந்து ஊசிமானிகளைப் பார்த்துத் திருப்தி அடைந்திருப்பார். ஆம்ஸ்ட்ரோங்கோ வாங்கியை 100 கிலோமீற்றருக்கும் அப்பால், லோங் ஐலண்டின் கடற்கரையில் இருந்த நண்பர் ஒருவரின் வீட்டில் பொருத்தினார். 1934 ஜூன் 9ஆம் திகதி முதல் பழைய முறையிலும் புதிய முறையிலும் மாறி மாறி ஒலிபரப்பச் செய்து, இரண்டையும் அங்கிருந்து ஒப்பிட்டார். இடிமுழக்க நாள்களில் பழைய முறையில் ஒலி பொரிந்து சிதறியது. புதிய முறையிலோ இசைக்கும் இசைக்கும் இடையில் நிசப்தமே நிலவியது. இது போதாதென்று, இன்னும் தொலைவில் நியூஜேர்சியின் ஹடன்ஃபீல்ட் ஊருக்கும் வாங்கியைக் கொண்டுசென்று சோதித்தார்.

குடாநாட்டின் நிலைக்கு இங்கு வருவோம். தட்டையான சுண்ணக்கல் நிலம் இது. பனைக்கு மேலே தெரிவன கோபுரங்களும் மினாராக்களும் தண்ணீர்த் தாங்கிகளுந்தான். அலைபரப்பிக்கு ஏற்ற குன்று ஒன்றுகூட இல்லை. பண்பலையோ ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. ஏ-9 வீதியோரம் கொக்காவிலில் இருந்த அஞ்சல் நிலையம் 1990 ஜூலையில் போரில் வீழ்ந்தது. 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூன் 6ஆம் திகதி திறக்கப்படும்வரை 21 ஆண்டுகள் கழிந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலையின் தரைமட்டப் பார்வை எல்லை, வளிமண்டலத்தில் அது சற்று வளைவதையும் சேர்த்து, 54 கிலோமீற்றர் அளவிலானது. யாழ்ப்பாண நகரமோ அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். கூரைக்கு மேல் அன்ரனா கட்டியவருக்குக் கேட்பது, முற்றத்தில் சிறு பெட்டியோடு இருப்பவருக்குக் கேளாமற் போவதில் வியப்பில்லை.

இதனோடு கடலும் சேர்கிறது. காற்றடங்கிய வெப்பகால இரவுகளில், கடல்மேல் படியும் காற்றடுக்குகள் பண்பலையை வளைத்து நெடுந்தூரம் இழுத்து வரும். காரைக்கால் போன்ற எதிர்க்கரை நிலையங்கள் நமது பெட்டிக்குள் நுழைவது இவ்வாறுதான். ஒரே மீடிறனில் இரண்டு நிலையங்கள் வந்தால் பண்பலை வாங்கி வலுவானதைப் பற்றிக்கொண்டு மற்றதை முற்றாக விழுங்கிவிடும். இரைச்சலை ஒழித்த அதே குணந்தான், நமது நிலையத்தையும் சில இரவுகளில் ஒழித்துவிடுகிறது.

கொழும்பில் இருந்துகொண்டு இதை அறிய முடியாது. ஆயினும் அறியும் வழி எளியது. சிறு வாங்கியொன்றை நெடுந்தீவிலோ வல்வெட்டித்துறையிலோ நிறுத்தினால், அலையின் வலு, மீடிறன் விலகல் 75 கிலோஹேர்ட்ஸ் எல்லைக்குள் நிற்கிறதா என்பது, ஸ்டீரியோவுக்குரிய 19 கிலோஹேர்ட்ஸ் வழிகாட்டிச் சமிக்ஞை, ஒலி அறுந்த விநாடிகள் ஆகிய யாவற்றையும் அது அளந்து இணையத்தினூடாகத் தலைமை நிலையத்துக்கு அனுப்பிவிடும். இத்தகைய கருவிகள் உலகின் பல பாகங்களிலும் வழக்கத்தில் உள்ளவை. வடக்கின் மூலைமுடுக்குகளில் அவற்றை நிறுத்துமாறு ஒலிபரப்பு நிறுவனங்களையும், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையும் நாம் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது. மின்சாரமும் பற்றரியும் இல்லாத 1990களில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் மிதியை ஒருவர் சுற்ற, டைனமோ மின்னில் ஊரே கூடிச் செய்தி கேட்ட மண் இது. 1990 ஒக்டோபரில் புலிகளால் இங்கிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளான முஸ்லிம் மக்களும் ஊர்ச் செய்திக்காக ஏங்கியவர்களே. வானொலியை இத்தனை பாடுபட்டுக் கேட்டவர்களுக்கு அது தெளிவாகக் கேட்கிறதா என ஒருமுறையேனும் விசாரிப்பது கடமையல்லவா?

ஆம்ஸ்ட்ரோங்கின் கதைக்குத் திரும்புவோம். பரீட்சார்த்தம் வெற்றி பெற்றும், 1935இல் தொலைக்காட்சி ஆய்வுக்கு இடம் வேண்டும் என்று காரணங்கூறி, அவரது கருவிகளை அகற்றுமாறு ஆர்.சி.ஏ. பணித்தது. அவர் தளரவில்லை. தம் சொந்தப் பணத்தில், நியூஜேர்சியின் அல்பைன் என்னும் இடத்தில் 400 அடிக்கு மேற்பட்ட கோபுரத்தை எழுப்பித் தாமே ஒலிபரப்பினார். இரண்டாம் உலகப் போரில் தம் காப்புரிமைகளைக் கட்டணமின்றி இராணுவத்துக்கு வழங்கினார். 1945இல் அமெரிக்க அரசின் ஆணைக்குழு, 42 முதல் 50 மெகாஹேர்ட்ஸ் வரை இருந்த பண்பலையை இன்றைய 88க்கு மேற்பட்ட பகுதிக்கு மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த இலட்சக்கணக்கான பெட்டிகள் பயனற்றுப் போயின. அவர் கட்டிய நிலையங்களும் அவ்வாறே.

1948இல் ஆர்.சி.ஏ.க்கு எதிராக வழக்குத் தொடுத்தார். விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1950இல் மூலக் காப்புரிமைகள் காலாவதியாயின, செல்வம் கரைந்தது. 1953இன் பிற்பகுதியில் மனைவியும் மனம் நொந்து பிரிந்து சென்றார். 1954 ஜனவரி 31ஆம் திகதி இரவு, 63ஆம் வயதில், ஆம்ஸ்ட்ரோங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

பிரிந்து சென்ற மரியன் வழக்குகளைக் கைவிடவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே ஆர்.சி.ஏ. பத்து இலட்சம் டொலர் அளவில் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. ஏனைய நிறுவனங்களையும் ஒவ்வொன்றாக நீதிமன்றத்துக்கு இழுத்து, 1967இல் இறுதி வழக்கையும் அவர் வென்றார்.

2001 செப்டெம்பர் 11ஆம் திகதி உலக வர்த்தக மையக் கட்டடங்கள் இடிந்து வீழ்ந்தபோது, அவற்றின் உச்சியில் இருந்த நியூயோர்க் நிலையங்களின் அன்ரனாக்களும் அழிந்தன. நிலையங்கள் சில மாற்றிடம் தேடி ஓடின. அவற்றின் அன்ரனாக்கள் தற்காலிகமாகச் சென்று ஏறிய இடங்களுள் ஒன்று, அல்பைனில் ஆம்ஸ்ட்ரோங் நிறுத்திய அந்தப் பழைய கோபுரம்.