எண்களுக்கு மொழி தந்தவர்

கைவிளக்கு ஏந்திய காரிகை எனப் போற்றப்பெறுபவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். செவிலியர் பணிக்குப் பெருமை சேர்த்த அவர், எண்களை வரைபடமாக்கி, அவ்வரைபடத்தின் பொருளை எளிய உரைநடையில் விளக்கிய முன்னோடியும் ஆவார்.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலி நாட்டின் ஃபிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. தந்தையிடம் மொழிகளையும் வரலாற்றையும் கற்ற அவருக்குக் கணிதத்தில் பெருவிருப்பம் இருந்தது. செவிலியர் பணி உயர்குடிப் பெண்களுக்கு ஏற்றதன்று எனக் குடும்பத்தார் தடுத்தனர். அத்தடையைக் கடந்து அப்பணியையே தம் வாழ்வாக ஏற்றார்.

கிரீமியப் போர் நிகழ்ந்த 1854ஆம் ஆண்டில், 38 செவிலியருடன் துருக்கியின் ஸ்குடாரி நகரிலிருந்த படை மருத்துவமனைக்குச் சென்றார். கழிவுநீர் தேங்கிக் காற்றோட்டமற்றுக் கிடந்த அவ்விடத்தில் வீரர்கள் நாள்தோறும் மடிந்தனர். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர்க் கால்வாய்களைச் செப்பனிட்டனர். அதன்பின் இறப்புகள் பெரிதும் குறைந்தன.

நாடு திரும்பிய அவர், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாரின் துணையுடன் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். 1855 ஜனவரியில் மட்டும் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோர் 2,761 பேர். போர்க்காயங்களால் இறந்தோர் 83 பேர். இவ்வுண்மை அட்டவணைகளுக்குள் புதைந்து கிடந்தால் ஆட்சியாளர் கண்ணில் படாது. அடுத்த போரிலும் அதே இழப்பு நேரும் என்று அவர் அஞ்சினார்.

எனவே, 1858இல் வட்ட வடிவ வரைபடம் ஒன்றை வெளியிட்டார். திங்களுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கூறுகள் அதில் அமைந்தன. நோயால் இறந்தோரை நீலமும், காயத்தால் இறந்தோரைச் சிவப்பும், பிற காரணங்களால் இறந்தோரைக் கருமையும் குறித்தன. படத்தை மட்டும் தந்து அவர் அமையவில்லை. எவ்வண்ணம் எதனைக் குறிக்கிறது, பரப்பை எங்கிருந்து அளப்பது என்பவற்றைப் படத்தின் அருகிலேயே எழுதினார். நீலப் பரப்பு ஏன் விரிந்தது, பின்னர் ஏன் சுருங்கியது என்பதைத் தம் அறிக்கைகளில் விளக்கினார். அவ்வாண்டிலேயே இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

அவர் இந்திய மண்ணை மிதித்ததில்லை. எனினும், சென்னை உள்ளிட்ட மாகாணங்களின் படை நிலையங்களிலிருந்து வந்த விவரங்களை ஆராய்ந்து, 1863ஆம் ஆண்டு அரச ஆணையத்தின் அறிக்கைக்கு உறுதுணை புரிந்தார். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படைவீரர் ஆயிரவருள் ஆண்டுதோறும் 69 பேர் இறந்த நிலையை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. நல்ல குடிநீரும் முறையான வடிகாலும் வேண்டுமென அவர் இடைவிடாது எழுதினார். பத்தாண்டுகளுக்குப் பின் அவ்வெண் 18 ஆகக் குறைந்தது. 1910 ஆகஸ்டு 13ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

எண்ணைப் படமாக்கி, படத்தைச் சொல்லாக்கி உயிர்காக்கும் நெறி இன்று நம் ஊர்களிலும் பயில்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைச் சிற்றூர்களில், அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையின் எடையை வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கிறார். கோடு உயர்ந்து சென்றால் வளர்ச்சி சீராக உள்ளது. கிடையாக நின்றாலோ தாழ்ந்தாலோ கவனம் தேவை. இதனைத் தாய்க்குப் புரியும் சொற்களில் அவர் விளக்கும்போதுதான் அக்கோடு பயன் தருகிறது. வரைபடத்தை விளக்கி எழுதுவோர் முதலில் அது எதனை அளக்கிறது எனக் கூறுதல் வேண்டும். அடுத்து ஏற்ற இறக்கங்களைச் சுட்டுதல் வேண்டும். நிறைவாக, சான்றுள்ள காரணத்தை மட்டுமே உரைத்தல் வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் ஓர் உயிர் இருக்கக்கூடும் என்பதை நைட்டிங்கேலின் வாழ்வு உணர்த்துகிறது.