இராஜாஜியும் இல்லத்து இணக்கமும்

நாட்டுக்கு உழைத்த பெரியோரின் அரசியல் வரலாற்றை நாம் விரும்பிக் கற்கின்றோம். அவர்தம் இல்லத்தினுள் எழுந்த இடர்களையும், அவற்றை அவர்கள் தீர்த்த முறையையும் நோக்குவோர் சிலரே. ஓசூர் வட்டாரம் ஈன்ற சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் அவர்களின் வாழ்வில் நாம் கற்கத்தக்க அத்தகைய நிகழ்ச்சியொன்று உண்டு.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் நாள் இவர் பிறந்தார். ஓசூரிலும் பெங்களூரிலும் பயின்று, சென்னையில் சட்டந் தேறி, சேலத்தில் வழக்கறிஞராய்ப் புகழ் எய்தினார். மனைவியார் அலமேலு மங்கம்மாள் இளமையிலேயே காலஞ்செல்ல, மறுமணம் நாடாது மக்கள் ஐவரையும் தாமே பேணினார்.

அம்மக்களுள் இளையவர் இலட்சுமி. காந்தியடிகளின் கடைசி மைந்தர் தேவதாஸ், 1918-இல் இந்தி கற்பிக்கச் சென்னைக்கு வந்தவர். இவ்விருவரும் 1927-ஆம் ஆண்டளவில் மணம் புரிய விழைந்தனர். இலட்சுமிக்கு அப்போது வயது 15, தேவதாஸுக்கு 27. குலமும் வேறு, மொழியும் வேறு. தந்தையரோ உற்ற நண்பர். சினந்து மறுத்திருப்பின் நட்பும் குலையும், மக்களின் நெஞ்சும் உடையும். உடனே இசைந்திருப்பின், அவ்விளமையில் தோன்றிய விருப்பம் நிலையானதோ என்னும் ஐயம் நீங்காது.

ஆகவே அவர்கள் வேறொரு வழி கண்டனர். ஐந்தாண்டுகள் ஒருவரையொருவர் காணாது பிரிந்திருத்தல் வேண்டும். அதன் பின்னும் மனம் மாறாதிருப்பின் பெற்றோர் தடை செய்யார் என்பதே ஏற்பாடு. அது இளையோரைப் போலவே முதியோரையும் கட்டுப்படுத்திற்று. இடையில் 1930-இல் வேதாரணிய உப்புப் போரும் சிறைவாசமும் வந்து சென்றன. இருவர் உள்ளமும் மாறவில்லை. காந்தியடிகள் 21 நாள் உண்ணாநோன்பை முடித்துத் தளர்ந்திருந்த வேளையில், 1933 ஜூன் 16-ஆம் நாள், புனே நகரில் திருமணம் இனிது நடந்தேறியது.

காந்தியடிகளின் குடும்பத்தில் எல்லாப் பிணக்கும் இவ்வாறு தீர்ந்துவிடவில்லை. மூத்த மைந்தர் ஹரிலால் தந்தையோடு முரணிப் பிரிந்தார். அப்பிளவு முற்றும் ஆறாமலே இருவரும் 1948-இல் மறைந்தனர். அன்பு மட்டும் இருந்தால் போதாது. ஒருவர் சொல்லை மற்றவர் செவிமடுக்கும் முறையும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அம்முறையையே இக்காலத்து மனநல அறிஞர் குடும்ப சிகிச்சை என வளர்த்துள்ளனர். ஒருவரையே குற்றவாளியாக்காமல், வீட்டார் அனைவரையும் ஒருங்கே அமர்த்தி, ஒவ்வொருவர் அச்சத்தையும் பிறர் கேட்கச் செய்து, அனைவரும் ஏற்கும் ஏற்பாட்டை அவர்களே காணத் துணை நிற்பது அதன் நெறி. ஓசூருக்கு அண்மையில், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு.

தொழிற்சாலைகள் பெருகிப் பல மொழியினரும் பல குலத்தினரும் கலந்து வாழும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில், காதல் மணத்தின் பொருட்டு உற்றாரே உயிர் பறித்த கொடுமைகளும் நிகழ்ந்துள்ளன. 1972 டிசம்பர் 25-இல் மறைந்த இராஜாஜியை, இந்தியரான முதல் கவர்னர் ஜெனரல் என்று மட்டும் நாம் போற்றுதல் போதாது. மாணவ நண்பர்காள்! நும் இல்லத்தில் பிணக்கு எழுங்கால், சினத்துக்கு முன்னர்ச் செவிக்கு இடந் தருவீராக. தம்மால் இயலாதபோது அறிந்தோர் துணையை நாடுவதற்கு நாணாதிருப்பீராக.