அரசமரத்துக்கு வாய் தந்தவர்

கொஸ்லந்தப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில், தேயிலைச் செடி தன் வரலாறு கூறுவதாகக் கட்டுரை எழுதுமாறு மாணாக்கரைப் பணித்துப் பாருங்கள். செடி பேசாது, அதன் பின்னே ஒளிந்துநின்று மாணவனே பேசுவான். மனிதரல்லாத ஒன்றைக் கதைசொல்லியாக்கிய எழுத்தாளர் யாவரும் இவ்விடரோடு மல்லாடியவரே. தமிழ்ச் சிறுகதையின் விடியற்பொழுதிலேயே இதனை எதிர்கொண்டவர் வ.வே.சு. ஐயர்.

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881இல் பிறந்த ஐயர், பாரிஸ்டர் படிப்புக்காக 1907இல் லண்டன் சென்றார். அங்கே சாவர்க்கர் முதலிய புரட்சியாளரோடு கூடியதால் அரசின் கண்ணில் பட்டு, மாறுவேடத்தில் தப்பி 1910இல் புதுச்சேரி சேர்ந்தார். அவரது 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல், துணைவியார் பாக்கியலட்சுமி அம்மாள் பெயரில், 'விவேகபோதினி'யில் வெளிவந்தது. படித்துறை கதை சொல்வதாகத் தாகூர் முன்பே எழுதியதற்கு இது கடன்பட்டது என்பர், மறுப்பதற்கில்லை.

ஆயினும் மரத்தின் எல்லையை ஐயர் நன்கறிந்திருந்தார். மரம் நடக்காது, ருக்மிணியின் புக்ககத்துள் நுழையாது. அர்பத்நாட் வங்கி முறிந்து அவள் தந்தை செல்வமிழந்ததும், அதனால் மாமியார் மனம் மாறியதும், குளத்துக்கு வரும் பெண்டிர் பேச்சாகவே அதன் செவிக்கு எட்டுகின்றன. இரண்டாம் மணத்துக்குத் தான் இசைந்தது நடிப்பே என்று கணவன் நாகராஜன் நண்பனிடம் கூறும் இரகசியத்தையும் அது கேட்டுவிடுகிறது. ருக்மிணியோ அதனை அறியாள். அறிந்த மரத்துக்கு அவளைத் தடுக்கக் கையில்லை. அவள் குளத்தில் மூழ்கி மாய்கிறாள். சிற்சில இடங்களில் மரம் மறைந்து சீர்திருத்தக்காரர் ஐயரே பேசுகிறார் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த இரவில் பேசுவது மரமே.

பின்னர் 'தேசபக்தன்' ஆசிரியராகிச் சிறை சென்றார். அங்கிருந்தே கம்பராமாயண ஆய்வை ஆங்கிலத்தில் எழுதினார். சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் சிலர்க்குத் தனியே உணவிட்டமை பெருங் கண்டனத்தை எழுப்பிற்று. ஒரு பெண்ணின் துயரை மரத்தின் செவிகொண்டு கேட்டவர், தம் பந்தியில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் மனத்தைக் கேளாது போனதேன்? அவர்பால் அன்புடையோர்க்கும் உறுத்தும் வினா இது.

தியலும அருவிக்கு அண்மையில் வாழும் கொஸ்லந்த மக்களுக்கு அருவிப் பாறையின் வழுக்கலைச் சொல்ல வேண்டியதில்லை. 1925 ஜூன் மாதம், பாபநாசம் கல்யாணதீர்த்தத்தில் ஐயரின் மகள் சுபத்திரை நீரிற் சிக்கினாள். மகளைக் காக்கக் குதித்தார் தந்தை. இருவரையும் அருவி கொண்டுபோயிற்று.