பந்துக்குத் தீட்டில்லை!
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று சொல்லுவோர் பலர். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஓட்ட எண்ணிக்கையும் விக்கெட் கணக்கும் இருந்தால் போதும், மற்றவற்றை முதல் பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் கட்சி. சென்ற ஆண்டு விடுதியில் ஓர் இரவு இதைப் பற்றி நெடுநேரம் வாதிட்டோம். அன்று நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பிறகு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தேன். என் எண்ணம் மாறியது. அவர்தான் பல்வங்கர் பாலு.

ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளை நான். என் தந்தை டேனரியில் ஈரத்தோல் தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளி நாட்களில் உடன் ஆடிய பையன் ஒருவன் வீட்டில் எனக்கு மட்டும் தனிக் குவளையில் தண்ணீர் தந்தார்கள். ஆனால் அதே பையன், நான் எச்சில் தொட்டுத் தேய்த்துக் கொடுத்த பந்தை வாங்கித் தன் சட்டையில் தேய்த்துக்கொண்டுதான் வீச ஓடினான்! படிகாரமிட்டுப் பதப்படுத்திச் சிவப்புச் சாயம் ஏற்றிய மாட்டுத்தோல்தான் கிரிக்கெட் பந்து என்பதை வேதியியல் படிக்க வந்த பிறகு அறிந்தேன். குவளைக்கு உண்டான தீட்டு பந்துக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அன்று முதல் என் மனத்தில் கிடந்தது.

பாலு 1876ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட சமூகத்தவர். பூனாவில் வெள்ளையர் ஆடும் ஜிம்கானா திடலில் மாதம் நான்கு ரூபாய் சம்பளத்துக்கு ஆடுகளத்தைப் பெருக்கி, உருளையிட்டுச் சமன் செய்யும் வேலை பார்த்தார். கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரருக்குப் பயிற்சியில் மணிக்கணக்காகப் பந்து வீசியே இடக்கைச் சுழற்பந்தில் தேர்ந்தார். பந்து வீச விட்டவர்கள் மட்டையை மட்டும் அவர் கையில் தரவில்லை.

அவர் திறமை ஊரறிந்ததும் பூனா இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. திடலில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். இடைவேளையிலோ பாலுவுக்குத் தேநீர் கூடாரத்துக்கு வெளியே, மண் குவளையில்! இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பின்னர் அவர் பம்பாய் சென்றார். 1906இல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றது. பாலுவும் தம்பி சிவராமும் அந்த வெற்றியில் பங்கு கொண்டவர்கள். அப்போது ‘இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்’ என்ற ஏடு வெற்றியைப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை. தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்டவரை அணியில் சேர்த்தது சமூக விடுதலைக்கான ஒரு படி என்று எடுத்துக்காட்டியது. வெறும் ஓட்டக் கணக்கு இதைச் சொல்லியிருக்குமா?

1911இல் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி பல ஆட்டங்களில் தோற்றது. பாலுவோ அந்தப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். இத்தகைய வீரருக்குத் தலைமைப் பதவி கிடைத்ததா? இல்லை. 1920இல் அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பியர் விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகி, தம் காரணங்களை அறிக்கையாகப் பத்திரிகையில் வெளியிட்டனர். பொதுமக்கள் கருத்து திரண்டது. பாலு திரும்ப அழைக்கப்பட்டுத் துணைத் தலைவரானார். 1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவராகவே ஆனார். அந்த ஆண்டு வெற்றியும் அவர்களுக்கே. பத்திரிகைகள் அது அரசியல், நமக்கேன் என்று அந்த அறிக்கையைக் குப்பையில் போட்டிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும்?

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பாலு பின்னாளில் அரசியலுக்கு வந்தார். 1932இல் நம் சென்னை மாகாணத் தலைவர் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத் தொகுதி முறையை ஆதரித்தார். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக டாக்டர் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். அம்பேத்கரை நெஞ்சில் வைத்திருக்கும் எனக்கு இது வருத்தமே. பந்துவீச்சில் வல்லவர் என்பதற்காக அரசியலிலும் அவர் சொன்னதே சரி என்று எழுதுவது பத்திரிகைக்கு அழகன்று. விளையாட்டுப் பக்கம் கட்சிக் கொடி பிடிக்க வேண்டா என்ற அளவில் என் விடுதித் தோழர்களோடு நான் இன்றும் உடன்படுகிறேன்.

கட்சி வேறு, நியாயம் வேறு. மத வாரியாக அணி பிரித்து ஆடிய அந்தப் பம்பாய்ப் போட்டிகள் நாட்டுக்குக் கேடு என்று ‘பம்பாய் கிரானிக்கிள்’ போன்ற ஏடுகள் எழுதின; 1946இல் அவை நின்றன. 2020இல் மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் வீரர் மைக்கேல் ஹோல்டிங், இங்கிலாந்தில் டெஸ்ட் ஆட்டத்தை வர்ணிக்க அமர்ந்தவர், மழையால் ஆட்டம் தாமதமான நேரத்தில் நிறவெறியைப் பற்றிப் பேசினார். உலகமே கேட்டது. கட்சிக்காக அல்ல, மனிதனுக்காகப் பேசிய பேச்சு அது.

பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் மறைந்தார். முதல்தர ஆட்டங்கள் 33, விக்கெட்டுகள் 179. ஓட்டப் பட்டியல் அவரைப் பற்றிச் சொல்வது இவ்வளவுதான். அந்த மண் குவளை எந்தப் பட்டியலிலும் இல்லை. யாரோ எழுதி வைத்ததால்தான் அது இன்று என் கைக்கு வந்து சேர்ந்தது.

தோழர்களே, நாளை உங்களில் ஒருவர் விளையாட்டு நிருபராகலாம். ஆட்டத்தை எழுதுங்கள்; ஓட்டங்களைப் பிழையின்றி எழுதுங்கள். இடைவேளையில் யாருக்கு எந்தக் குவளையில் தேநீர் தந்தார்கள் என்பதையும் மறவாமல் எழுதுங்கள்!